உறிஞ்சலும் உயிர்ப்படலமும்: புண்சிகிச்சை பற்றிய ஒரு குறிப்பு

ஒரு சிகிச்சைமுறை பற்றிய சிந்தனையை அதற்கு வழங்கும் பெயரே வழிநடத்திவிடுவதுண்டு. மறையமுக்கப் புண்சிகிச்சையைக் குறிக்க வழங்கும் ‘உறிஞ்சல்’ என்னும் சொல் அத்தகையது. புண்ணில் நுரைப்பஞ்சை இட்டு, காற்றுப்புகாத மென்படலத்தால் மூடி, குழாய்வழியே வளிமண்டல அமுக்கத்திலும் ஏறத்தாழ 125 மி.மீ. இரசம் குறைந்த அமுக்கத்தை நிலைநிறுத்துவதே இம்முறை. கசியும் நீர் குழாயில் இறங்குவதைக் காண்போர், பற்றீரியாக்களும் அதனோடு வெளியேற, அதனாலேயே புண் ஆறுகின்றதென எண்ணுவர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையே நாம் இங்கு நோக்க விழைகின்றோம்.

இதற்கு அறிவியல் ஆதாரமாக அமைந்தது, வட கரோலினாவில் மோரிக்வாஸ், ஆர்ஜென்ரா ஆகியோர் பன்றிகளில் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வாகும். தொற்றேற்றப்பட்ட புண்களில் பற்றீரியாக்களின் தொகை நான்கைந்து நாட்களில் கிராம் இழையத்துக்கு ஓரிலட்சத்துக்குக் கீழே வந்தது. சிகிச்சை பெறாத புண்களில் அதற்குப் பதினொரு நாட்கள்வரை சென்றன. (சோவியத் சத்திரசிகிச்சையாளர்கள் 1980களிலேயே சீழ்ப்புண்களின் வெற்றிடச் சிகிச்சை பற்றி ருஷ்ய மொழியில் எழுதியிருந்தனர். இத்துறையின் வரலாற்றை 1997இலிருந்து தொடங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர். மொழித்தடை மட்டுமே இதற்குக் காரணம் என்று நாம் கருதவில்லை.)

ஆனால் மனிதப் புண்கள் அப்பன்றிகளின் புண்களைப்போல் நடந்துகொள்ளவில்லை. 2004இல் நெதர்லாந்தின் றொட்டர்டாமில் 54 நோயாளரிடையே நடந்த ஒப்பாய்வில், மொத்தப் பற்றீரியாத் தொகையிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சூடோமொனாஸ் போன்ற, நொதித்தலில் ஈடுபடாத கிராம்-மறைக் கோலுருக்கள் குறைந்தன. ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸோ பெருகியது. ஆயினும் புண்ணின் பரப்பு, சாதாரண ஈரத்துணிக் கட்டிட்ட புண்களைவிட விரைவாகச் சுருங்கியது. அதே ஆண்டில் வெளிவந்த பிறிதோர் ஆய்வும், சிகிச்சைக் காலத்தில் பற்றீரியாத் தொகை கூடக்கூடும் என்றது. எண்ணிக்கை குறையாமலே புண் ஆறுமாயின், ஆறுதலின் விளக்கத்தை வேறிடத்தே தேடவேண்டும்: இரத்தவோட்டம், வீக்க நீர் அகலுதல், புண்ணின் விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்குதல், இழுவிசையால் தூண்டப்படும் கலப்பெருக்கம் என்பவற்றில். தொகையை மட்டும் எண்ணி, எவ்வினம் எந்நிலையில் வாழ்கின்றது என்று கேளாத முறையை இயக்கவியல் நோக்குடையோர் ஏற்பதற்கில்லை.

அவ்வாழ்நிலைதான் உயிர்ப்படலம். தனித்து மிதக்கும் பற்றீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி, பல்சக்கரைட்டு, புரதம், டி.என்.ஏ. என்பன கலந்த பசையைச் சுரந்து அதனுள்ளே கூடிவாழ்கின்றன. ஆழத்திலுள்ளவை மெதுவாகவே வளர்வதால், வளரும் கலங்களைத் தாக்கும் நுண்ணுயிர்கொல்லிகள் அவற்றிடம் வலுவிழக்கின்றன. குழாயில் வருவது பெரும்பாலும் ஒட்டாத கூட்டமே, ஒட்டியது தங்கிவிடுகின்றது. ஆய்வுகூட மாதிரிகளில் மறையமுக்கத்தால் படலம் மெலிந்ததுண்டு. ஆனால் உயிருள்ள பற்றீரியாக்கள் எஞ்சின. வெள்ளி சேர்ந்த பஞ்சோ, இடையிடையே கழுவுநீர் செலுத்தும் முறையோ துணைக்கு வேண்டப்படுவது இதனாலேயாம். எல்லாவற்றுக்கும் முன்னர், இறந்த இழையத்தைக் கத்தியால் அகற்றியாகவேண்டும். அகற்றிய பின்னரும் ஓரிரு நாட்களில் படலம் மீளத் தலையெடுக்கத் தொடங்கும். இறந்த இழையத்தின்மேல் மூடியிட்டு உறிஞ்சும் கருவி, தொற்றை உள்ளேயே அடைத்துவைப்பதாகும்.

பஞ்சும் ஒரு பரப்பே என்பது எளிதில் மறக்கப்படுகின்றது. அதன் துளைகளிலும் பற்றீரியாக்கள் குடியேறும். ஆகையால் அதனை 48 முதல் 72 மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றுதல் வழக்கம். காப்புரிமைகளால் காக்கப்பட்டு விலையேறிய பண்டமாகவே இக்கருவி உலகச் சந்தைக்கு வந்தது. வறிய நாடுகளின் வைத்தியர் பலர் சாதாரண நுரைப்பஞ்சையும் சுவரோடிணைந்த உறிஞ்சுகுழாயையும் கொண்டு அதனைத் தாமே ஆக்கிக்கொண்டனர். அங்கே, அடுத்த பஞ்சுக்குப் பணமில்லை என்பதற்காக மூன்றாம் நாள் மாற்றவேண்டிய பஞ்சு ஆறாம் நாள்வரை புண்ணிலே கிடக்குமாயின், உறிஞ்சும் பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் துளைகளில் உயிர்ப்படலம் தடித்துவிடும்.