விலாங்குக்குத் தீனியும் வேண்டும், இதமான நீரும் வேண்டும்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, பங்குனி, சித்திரையில் தரை தெரிய வற்றுபவை. இங்கே விலாங்கு வளர்க்க விரும்பும் விவசாயி, குஞ்சின் விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும். எத்தனை மாதம் நீர் நிற்கும்? அந்த நீர் எவ்வளவு சூடாகும்?

விலாங்கு கடலில் பிறந்து, கழிமுகம் வழியே ஆற்றில் ஏறி, நன்னீரில் வளரும் மீன். வணிக அளவில் இதன் குஞ்சுகளைப் பண்ணையில் பொரிக்கும் முறை இன்னும் கைகூடவில்லை. கழிமுகங்களில் பிடித்த குஞ்சுகளைத்தான் வளர்க்க வேண்டும். 1970-களில் மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் விலாங்கு வளர்ப்பு ஆய்வு நடத்தினர்.

சூடும் பசியும்

மீனுக்குத் தனி உடற்சூடு கிடையாது. நீரின் சூடே அதன் சூடு. 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை விலாங்கு நன்கு தின்று வளரும். நீர் குளிர்ந்தால் தீனி எடுப்பது குறையும். இதனால்தான் ஜப்பானியர் கூரையிட்ட குளங்களில் நீரைச் சுமார் 28 டிகிரிக்குச் சூடேற்றி, பல ஆண்டு வளர்ச்சியை ஓராண்டுக்குள் பெறுகின்றனர்.

நமக்கோ சூட்டுக்குப் பஞ்சமில்லை. இங்கே கேடு வேறு விதமாக வரும். நீரின் சூடு 10 டிகிரி கூடினால், மீனின் உடல் செலவழிக்கும் சத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போது தீனி போதாவிட்டால் விலாங்கு மெலியும். பெரியது சிறியதைத் தின்றுவிடும்.

சரி, தீனியை அள்ளிக் கொட்டலாமா? அதுவும் ஆபத்தே. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மிஞ்சிய தீனி அழுகினால் இருக்கும் வாயுவும் தீர்ந்து, விடிவதற்குள் மீன்கள் செத்து மிதக்கும்.

செய்ய வேண்டியவை

* பண்ணைக்குட்டையில் நான்கைந்து அடி நீர் குறையாமல் நிற்க வேண்டும். ஒரு பகுதிக்குத் தென்னங்கீற்று நிழல் தருவது நலம்.

* பழைய குழாய்த் துண்டுகளைப் போட்டால் விலாங்கு பகலில் அதில் பதுங்கும்.

* நறுக்கிய மலிவு மீன், நத்தைச் சதை ஆகியவற்றைத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். தினமும் மீன்களின் மொத்த எடையில் 5 முதல் 10 சதம் போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

* கடும் வெயில் நாட்களில் தீனியைக் குறைத்து, கிணற்று நீரை உயரத்திலிருந்து விழும்படி பாய்ச்ச வேண்டும். சூடு தணியும், காற்றும் கலக்கும்.

* எடை வாரியாகப் பிரித்து வளர்க்க வேண்டும்.

ஒரு கிலோ எடை கூட ஆறேழு கிலோ பச்சை மீன் செலவாகும். ஆகவே ஆண்டு முழுவதும் வற்றாத கிணறும், மலிவான தீனியும் உள்ளவருக்கே விலாங்கு ஏற்றது. ஆறு மாத நீரை நம்பியவர், ஓரளவு வளர்ந்த கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு, குளம் வற்றுமுன் பிடித்து விற்பதே நலம்.