பற்பசைக்குள் பருத்தி!

நூல் புடவைக்குக் கஞ்சி போடுகிறீர்களே, அந்தப் புடவையும் கஞ்சியும் நெருங்கிய உறவுக்காரர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமோ? கஞ்சியிலுள்ள மாவுச் சத்தும், பருத்தி நூலிலுள்ள செல்லுலோஸும் குளுகோஸ் என்ற ஒரே சர்க்கரையைச் சரம் சரமாகக் கோத்தவைதாம். முடிச்சுப் போட்டிருக்கும் விதத்தில்தான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தால், கஞ்சி நமக்கு ஜீரணமாகிறது, நூல் ஜீரணமாவதில்லை! பசு வைக்கோலைத் தின்று பால் கொடுக்கிறதே என்பீர்கள். அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கின்றன.

1838-ல் ஆன்செல்ம் பாயென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தாவரங்களிலிருந்து செல்லுலோஸைப் பிரித்துக் காட்டினார். பருத்தியில் நூற்றுக்கு 90 பங்கும், மரத்தில் ஏறக்குறையப் பாதியும் இதுதான். ஆனால் தண்ணீரில் கரையாது. கரைந்தால் மழையில் நனைந்த புடவை என்ன ஆவது?

ரசாயன நிபுணர்கள் சும்மா இருப்பார்களா? மரக்கூழையோ பஞ்சையோ காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, ஓர் அமிலத்தையும் சேர்த்து, தண்ணீரில் கரைந்து வழவழவென்று கூழாகும்படி செய்துவிட்டார்கள். கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் என்பது அதன் பெயர். வாய் வலிக்கிறதா? செல்லுலோஸ் கோந்து என்றே சொல்லுவோம்.

இந்தக் கோந்து உங்கள் வீட்டில் எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது, பாருங்கள். பல பற்பசைகளில் தூள் வேறு, நீர் வேறு என்று பிரியாமல் காப்பது இதுதான். சலவைத் தூளிலும் இதற்கு வேலை உண்டு. துணியிலிருந்து கழன்ற அழுக்கு மறுபடியும் துணியிலேயே படியக்கூடாதல்லவா? கோந்து தன் இனத்தைச் சேர்ந்த பருத்தி நூலின் மேல் ஒட்டிக்கொண்டு, அழுக்கை அண்டவிடாமல் காவல் காக்கிறது. கண் வறட்சிக்கு விடும் சில சொட்டு மருந்துகளில் ஈரத்தை நிறுத்தி வைப்பதும் இதுவே. ஐஸ்கிரீமில் பனித் துகள்கள் பெரிதாகி நறநறக்காமல் பார்த்துக் கொள்கிறது.

இதற்குச் சகோதரிகளும் உண்டு. தேங்காயெண்ணெய் குளிரில் உறையும், சூட்டில் உருகும். மெத்தில் செல்லுலோஸ் நேர் எதிர்: சூட்டில் இறுகும், ஆறினால் இளகும்! இறைச்சியைப் போலச் செய்யப்படும் சைவப் பண்டங்கள் சட்டியில் உதிராமல் இருப்பது பெரும்பாலும் இதன் தயவால்தான்.

1955-ல் அமெரிக்காவில் நுண்படிக செல்லுலோஸ் என்ற வெண்தூளைக் கண்டுபிடித்தார்கள். தைராய்டு மாத்திரையில் மருந்து 50 மைக்ரோகிராம் என்றால், ஒரு கிராம் மருந்தில் 20,000 மாத்திரை செய்யலாம். அத்தனை சிறிய அளவை விரலால் எடுப்பது எப்படி? பல மாத்திரைகளுக்கு உடம்பாக அமைவது இந்தத் தூள்தான்.

சைவக் குடும்பத்தினருக்கு ஒரு விஷயம். சாதாரணக் காப்ஸ்யூல் உறை ஜெலட்டினால் ஆனது. அது மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து வருவது. செல்லுலோஸ் வகையால் செய்த உறைகளும் கிடைக்கின்றன. கேட்டு வாங்கலாம்.

எல்லாம் சரி, இதைச் சாப்பிடலாமா? இந்திய உணவு விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் 2022-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான சிலர் தினம் 15 கிராம் செல்லுலோஸ் கோந்தை 11 நாள் உண்டபோது, குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களின் சமநிலை மாறியது. 15 கிராம் என்பது தாராளமான அளவுதான். அதனால் பயப்பட வேண்டாம். அதற்காகப் பாக்கெட் பண்டங்களையே தினசரி ஆகாரமாக்கவும் வேண்டாம்.

முக்கியமாக ஒன்றை மறவாதீர்கள். மாத்திரைக்கு உடம்பு தேவை, பற்பசைக்குப் பதம் தேவை. குழந்தை குடிக்கும் பானத்துக்குத் தேவையானது சத்து! பழரசம் கெட்டியாக இருந்தால் பழம் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறோம். அந்தக் கெட்டி கோந்தினாலும் வந்திருக்கலாம். பாக்கெட்டின் பின்புறம் ஐ.என்.எஸ். 466 என்றிருந்தால் அது செல்லுலோஸ் கோந்து. 461 என்றால் மெத்தில் செல்லுலோஸ். பக்கத்திலேயே பழம் எத்தனை சதவிகிதம் என்றும் போட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பிறகு பணத்தைக் கொடுங்கள்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பார்கள். கெட்டியானதெல்லாம் சத்துமல்ல!