உலக முடிவு வரை நடந்தோம்

என் பிள்ளைகளுக்கு மலை தெரியாது. கிளிநொச்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வெளியும்தான். பாடப் புத்தகத்தில் மலையைப் பார்த்த எட்டு வயது மகள், "அம்மம்மா அங்கேதானே பிறந்தா, ஏன் நாங்கள் ஒருநாளும் போகவில்லை?" என்று கேட்டாள். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மா நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், பதினொரு வயதில், பெற்றோருடன் ஒரு துணி மூட்டையோடு வன்னிக்கு வந்தவர். அதன் பிறகு எத்தனையோ இடப்பெயர்வு. மலைக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை.

போவதென்றால் காசு வேண்டுமே. முட்டை விற்கும் காசில் ஒரு பகுதியைப் பால்மா ரின்னொன்றில் போட்டு வந்தேன். 2022 இல் எரிபொருள் வரிசையும் விலையேற்றமும் அந்த ரின்னை இரண்டு முறை வெறுமையாக்கின. கடைசியில் 2023 சித்திரை விடுமுறையில், அயலில் உள்ள இன்னொரு குடும்பத்துடன் சேர்ந்து ஒரு வான் பிடித்தோம். தங்குவதற்கு அம்மாவின் சின்னம்மா மகளின் லயத்து வீடு இருந்தது. ஒரு காம்பிராவில் ஒன்பது பேர் படுத்தோம். குளிருக்கு அது நல்லதாகவே போயிற்று.

விடிய நாலு மணிக்கே சின்னம்மா ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்து, வாழையிலையில் கட்டித் தந்தா. அது எவ்வளவு நல்ல யோசனை என்று ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவின் வாசலில்தான் தெரிந்தது. அங்கே பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். பையைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறையைக் கழற்றிக் கடதாசியில் சுற்றித் தருகிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்து எடுத்தார்கள். சிறுபிள்ளைகளுடன் போகும் சகோதரிகள் சாப்பாட்டை இலையிலோ ரிபன் பெட்டியிலோ எடுத்துச் செல்லுங்கள். தொப்பியும் காலுறையும் கட்டாயம் வேண்டும். சித்திரை வெயிலில் வெந்துபோய் வந்த எங்களுக்கு அந்தக் காலைக் குளிரில் பல்லுக் கிட்டியது.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இப்படியொரு பரந்த புல்வெளி இருக்குமென்று நான் நினைக்கவில்லை. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ஹோட்டன் என்ற ஆங்கிலேயரின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் மகா எலிய என்பது பெயர். 1988 இல் தேசிய பூங்காவானது. 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. மேகம் வந்து மரங்களில் தங்கி, பாசியில் ஊறி, சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். மரக்கிளைகளெல்லாம் தாடி வைத்ததுபோல் இருக்கின்றன என்று மகள் சிரித்தாள்.

முழுச் சுற்றும் நடந்தால் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். என் இடது முழங்காலில் 2009 இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. அதனால் மெதுவாகத்தான் போனோம்.

அரை மணி நேரம் நடந்திருப்போம். புல்வெளியில் மரையொன்று நின்றது. பெரிய கொம்பு, ஈர மூக்கு. ஐந்து வயது மகன் என் கையை உதறிக்கொண்டு பாதையை விட்டுப் புல்லுக்குள் ஓடினான்.

"காலெடுக்காதே! அப்படியே நில்!"

அது என் குரல்தான். அவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படித்தானே சொல்லி வளர்க்கிறோம். மண்டையோட்டுப் பலகை எங்கே இருக்கிறது, எந்தப் பற்றைக்குள் போகக்கூடாது என்று எழுத்துப் படிக்க முன்னரே அவர்களுக்குத் தெரியும். என் கணவர் ஓடிப்போய் அவனைத் தூக்கி வந்தார். எனக்குக் கை நடுங்கியது. மரை ஓடிவிட்டது. பின்னால் வந்த எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

ஒரு சிங்களப் பெண் அருகே வந்து என்ன நடந்ததென்று கேட்டா. கணவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "பிம்போம்ப" என்ற ஒரு சொல்லைச் சொன்னார். அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கைப்பையைத் துழாவி மகனுக்கு ஒரு ரொபி கொடுத்தா. பொலித்தீன் உறையோடு அது எப்படி வாசலைத் தாண்டியது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

பாதையை விட்டு இறங்க வேண்டாமென்று அங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். புல்லும் செடியும் மிதிபடக் கூடாது என்பதற்காக. அதை மகனுக்கு விளங்கப்படுத்த வெகு நேரம் எடுத்தது. "அப்ப இங்கே வெடிக்காதா?" என்று நாலு தடவை கேட்டான். வெடிக்காது என்று நாலு தடவையும் சொன்னேன். சொல்லும்போது நானும் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலக முடிவுக்குப் போய்ச் சேரப் பத்து மணி கடந்துவிட்டது. பொதுவாக ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறிவிடுமாம். ஏறியிருந்தது. கீழே ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளம் என்கிறார்கள். எங்கள் முன்னால் வெள்ளைச் சுவர் மட்டும். பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்தபடி நின்றோம். அம்மா கல்லொன்றில் அமர்ந்து பிளாஸ்கைத் திறந்தா.

"இம்புட்டுக் கிட்ட பொறந்தும் நான் இங்கன வந்ததில்ல புள்ள," என்றா. "கொழுந்து எடுக்கிற வீட்டுல யாரு கூட்டிக்கிட்டு வாறது?"

இருபது நிமிடமளவில் பனி ஒரு பக்கமாய் விலகியது. மிகக் கீழே தேயிலைப் பச்சை, ஒரு வெள்ளைப் பாதை, வரிசையாய்ச் சில கூரைகள். அம்மா எழுந்து நின்றா. அதுதானா அம்மம்மாவின் வீடு என்று மகள் கேட்டாள்.

"எங்க தோட்டம் இந்தப் பக்கம் இல்ல. ஆனா இதே மாதிரிதான் இருக்கும்," என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் மூடிவிட்டது.

கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகச் சுற்றி வந்தார். நானும் அம்மாவும் மகனும் வந்த வழியே திரும்பினோம். கால் இயலாதவர்கள் இப்படிச் செய்யலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மரை நின்ற இடம் வந்ததும் மகன் பாதையின் ஓரத்தில் குந்தி, ஒரு விரலால் புல்லைத் தொட்டுப் பார்த்தான்.

என் முழங்கால் மூன்று நாள் வீங்கியிருந்தது. பாடசாலை தொடங்கியதும் மகள் உலக முடிவுக்குப் போனதைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். அங்கே என்ன கண்டாய் என்று ரீச்சர் கேட்டாராம். "ஒன்றும் தெரியவில்லை ரீச்சர், வெள்ளையாக இருந்தது. அம்மம்மா தேத்தண்ணி குடித்தா," என்று சொல்லியிருக்கிறாள்.