வரிசையும் ஒரு விடை

தஞ்சை வட்டாரத்தில் செவிலியர் பணி நேர்காணல்களில் நான் தவறாமல் கேட்கும் வினா இது: ‘சம்பா வயலில் பாம்பு கடித்த ஒருவரைக் காலில் இறுகக் கட்டிய கயிற்றோடு கொண்டுவருகிறார்கள். என்ன செய்வீர்கள்?’

பலரும் உடனே நஞ்சுமுறி மருந்து என்கிறார்கள். மருந்து சரி, வரிசை தவறு. மூச்சும் நாடியுமே முதலில். கயிற்றைச் சட்டென அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு ஒரேயடியாகப் பரவக்கூடும். மருத்துவரை அழைத்து, மருந்து ஏற்றும் ஊசிக்குழாயைக் கையில் பொருத்திய பின்னரே அவிழ்க்க வேண்டும். அடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம், 20 நிமிடங்கள் அசையாமல் இருந்தபின் உறைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். உறையாவிடில் விரியனின் நஞ்சு என ஐயுறலாம். உறைந்துவிட்டாலும் நிம்மதி கொள்ள இயலாது: இமை சரிந்தால் நல்லபாம்போ கட்டுவிரியனோ கடித்திருக்கலாம். நஞ்சுமுறி ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம். அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும்.

இத்தகைய வினாக்களுக்கு மனப்பாடம் உதவாது. நெஞ்சுவலியோ பிரசவ இரத்தப்போக்கோ, ‘முதலில் எதைப் பார்ப்பேன், யாரை அழைப்பேன், எதைப் பதிவுசெய்வேன்’ என்று தோழியிடம் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். ‘இங்கே மருத்துவரை அழைப்பேன்’ என்பது அறியாமையன்று. நாங்கள் எதிர்பார்க்கும் விடையே அதுதான். இரவுப் பணியில் தனித்து நிற்கும் செவிலியருக்கு அந்த வரிசையே துணை.