ராஜகோபாலை மாற்றச் சொன்ன இரவு

தஞ்சோங் டாவாய் என்றால் பலருக்கும் நெத்திலியும் கருவாடும்தான் நினைவுக்கு வரும். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடம். அக்கரையில் பந்தாய் மெர்டேக்கா. வார இறுதியானால் சுங்கை பட்டாணியிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கார்கள் வந்து நிற்கும். பை நிறையக் கருவாட்டோடு திரும்பும். எனக்கு மட்டும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் நான் தோற்ற ஒரு பந்தயம் நினைவுக்கு வந்துவிடும்.

2010 டிசம்பர் 1, புதன்கிழமை இரவு. பல்கலைக்கழக விடுமுறையில் மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். மாமா பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறியதும் குடும்பத்தோடு இங்கே வந்து, நெத்திலி வாங்கிக் காயவைத்து, வேனில் ஏற்றித் தோட்டத்துக் கடைகளுக்கும் ஒட்டுக்கடைகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றிரவு வீட்டு வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர். சுசுகி கிண்ணத்தில் நம் முதல் ஆட்டம். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவும் மலேசியாவும் மோதின.

முதல் கோலை நாம்தான் போட்டோம். நோர்ஷாருல் இட்லான் போட்டபோது பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினோம். சில நிமிடங்களில் நம் ஆட்டக்காரர் ஒருவர் மேலேயே பட்டு பந்து நம் வலைக்குள் போனது. அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டாம். 1-5.

அறையில் முதலில் வாய் திறந்தது நான்தான். "இந்த ராஜகோபால் புது வருஷத்துக்கு இருக்க மாட்டாரு. இருக்கவும் கூடாது. தற்காப்பே தெரியாத பயிற்றுநரு."

மாமா தே தாரேக் கிளாஸைக் கீழே வைத்தார். "இருப்பாரு."

"பந்தயமா மாமா?"

"பந்தயம். நீ தோத்தா ஒரு வாரம் என் களத்துல நெத்திலி காய வைக்கணும். நான் தோத்தா உனக்குப் புது பூட்ஸ்."

அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த மனுஷனுக்கும் ஒரு வீடு இருக்கும். வீட்டுல உள்ளவங்க இந்நேரம் டிவி முன்னாலதான் ஒக்காந்திருப்பாங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார். எங்கள் சத்தம் கோலாலம்பூர் வரை கேட்கும் என்பதுபோல.

கே. ராஜகோபால் தேசியக் குழுவுக்குப் பொறுப்பேற்று அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த நாற்காலியின் சூடு ஆறும் முன்பே அதில் உட்கார்ந்தவர் அவர். அவருக்கு முன்னால் இருந்தவரும் தமிழர்தான், பி. சத்தியநாதன். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் சொந்த மண்ணில் 0-5 என்று தோற்றபின் அவர் வேலை போனது. அவருக்கும் முன்னால் இருந்த நோரிசான் பக்கார், 2007 ஆசியக் கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களில் 12 கோல் வாங்கிய பிறகு போனார். ஆக, பயிற்றுநரைத் தேடி வந்த கத்தி ஒவ்வொரு முறையும் தற்காப்பு வழியாகத்தான் வந்திருக்கிறது.

ராஜகோபாலின் தொடக்கமோ நன்றாகத்தான் இருந்தது. 2009 ஜூலையில் மென்செஸ்டர் யுனைடெட் புக்கிட் ஜாலிலுக்கு வந்தபோது நம் குழு 2-3 என்று தோற்றாலும் அம்ரி யஹ்யா போட்ட இரண்டு கோலைப் பற்றி நாடே ஒரு மாதம் பேசியது. அதே வருடம் டிசம்பரில் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அவருடைய இளையோர் குழு வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. 1989க்குப் பிறகு, 20 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம். அந்த ஒரே கோலும் வியட்நாம்காரர் தன் வலைக்குள்ளேயே போட்டது. 'அதிர்ஷ்டம்' என்றார்கள். கோல் வாங்காமல் 90 நிமிடம் நின்றதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அது மாமாவின் பழைய வருத்தம். அவர் தோட்டக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரர். காலையில் பெரட்டு, பால்வெட்டு, மாலையில் திடல். "கோல் போட்டவனுக்குக் கடையில சோடா கிடைக்கும். கோலத் தடுத்தவனுக்கு முட்டியில காயம்தான் கிடைக்கும்" என்பார். அவர் கடவுள்களின் பட்டியலில் கோல் போடுகிறவர்கள் குறைவு. நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல் காவலர் ஆர். அருமுகம், அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தென் கொரியாவை 2-1 என்று வென்று தகுதி பெற்ற குழு அது. அரசியல் புறக்கணிப்பால் போகாமலே நின்றது. 1988இல் அருமுகம் சாலை விபத்தில் இறந்த செய்தி வந்த நாளில் மாமா வேலைக்குப் போகவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

பந்தயத்துக்கு வருவோம். மூன்று நாள் கழித்துத் தாய்லாந்துடன் 0-0. நான் பாதியிலேயே எழுந்து போய்விட்டேன். "பஸ்ஸக் கொண்டாந்து கோல் முன்னால நிறுத்திட்டாரு" என்று நக்கலடித்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு லாவோஸை 5-1 என்று வென்றோம். தாய்லாந்து இந்தோனேசியாவிடம் தோற்று வெளியேறியது. நமக்கு 4 புள்ளி, தாய்லாந்துக்கு 2. நான் நக்கலடித்த அந்த ஆட்டத்தில் தாய்லாந்து ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் கணக்கு தலைகீழாகி அவர்களுக்கு 4, நமக்கு 3. டிசம்பர் 7ஆம் தேதியோடு வீட்டுக்கு வந்திருப்போம். மாமா இதை ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

அரையிறுதியில் நடப்பு வெற்றியாளர் வியட்நாம். புக்கிட் ஜாலிலில் சாஃபி சாலி இரண்டு கோல் போட்டு 2-0. அந்த ஆட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஹனோயில் நடந்த இரண்டாவது ஆட்டம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? டிசம்பர் 18. என் கணக்கில் அந்தக் கிண்ணத்தை நாம் வென்ற இரவு அதுதான்.

90 நிமிடமும் பந்து பெரும்பாலும் நம் பாதியிலேயே கிடந்தது. நான் பொறுமையிழந்து "ஏறி ஆடச் சொல்லுங்க மாமா" என்று கத்தினேன். மாமா என்னை எழுப்பி வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய், காயப்போட்டிருந்த வலையைக் காட்டினார். "நெத்திலி வலையில ஏன் கண்ணு இவ்வளவு சின்னதா இருக்கு? மீனு சின்னது. ஒரு எடத்துல கண்ணு பெருசானா போதும், மொத்தமும் அது வழியாப் போயிரும். ஜகார்த்தாவுல நம்ம ஆளுங்களுக்கு நடுவுல கண்ணு பெருசா இருந்துச்சு. இப்பப் பாரு. ஒருத்தன் நகர்ந்தா பக்கத்துல உள்ளவனும் நகர்றான். பந்து பின்னால எவனும் ஓடல. எடத்தத்தான் காக்குறான்."

திரும்பி வந்து பார்த்தபோது, முதல்முறையாக நான் பந்தைப் பார்க்காமல் பந்து இல்லாதவர்களைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் பழையபடி பார்க்க முடிந்ததில்லை. 0-0 என்று முடிந்தது. இறுதியாட்டத்துக்குப் போனோம்.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். லேசர் ஒளி முகத்தில் அடிக்கிறது என்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறி, ஆட்டம் சில நிமிடங்கள் நின்று, பிறகு சாஃபி, அஷாரி, மறுபடியும் சாஃபி. 3-0. (லேசர் அடித்தது நம் ரசிகர்களுக்குப் பெருமை தரும் காரியமில்லை.) 29ஆம் தேதி ஜகார்த்தாவில் முதல் பாதியில் அவர்களுக்கு ஒரு பினால்டி. ஃபிர்மான் உத்தினா அடித்ததைக் கைருல் ஃபாமி தடுத்தார். சாஃபி ஒரு கோல் போட்டார், அவர்கள் இரண்டு போட்டார்கள். 1-2. இரண்டு ஆட்டக் கணக்கில் 4-2. நான்கு வாரம் முன்பு அதே அரங்கில் ஐந்து கோல் வாங்கிய குழு, தென்கிழக்காசியாவின் அந்தக் கிண்ணத்தை முதன்முறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தது.

ஆட்டம் முடிந்ததும் மாமா வீட்டில் யாரும் கத்தவில்லை. எல்லாரும் ராஜகோபாலின் முகம் எப்போது காட்டப்படும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் குழுவில் கே. குருசாமி இருந்தார், எஸ். குணாளன் இருந்தார், ஆனால் எங்கள் கண் தேடியது அவரைத்தான். ஏன் என்று வெளியில் சொல்ல மாட்டோம். தோற்றிருந்தால் மறுநாள் வேலை இடத்தில் கேட்க வேண்டியிருக்கும் பேச்சு எங்கள் எல்லாருக்கும் தெரியும். "ஜெயிச்சா மலேசியா, தோத்தா ராஜகோபால்" என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். ஜகார்த்தாவில் 1-5 ஆன இரவில் நான் அவ்வளவு அவசரமாக அவரை மாற்றச் சொன்னதற்கும் இதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றம்.

டிசம்பர் 31ஐ அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது. நாடே விடுமுறை கொண்டாடியபோது நான் முதுகு வேக வெயிலில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தேன். கடலிலேயே உப்பு நீரில் அவித்துக் கொண்டுவருவதை ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தது. பந்தயம் என்றால் பந்தயம்.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. ஏழு மாதம்தான். 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சீனத் தைப்பேயைத் தட்டுத் தடுமாறிக் கடந்து, சிங்கப்பூரிடம் 3-5, பிறகு 1-1 என்று வெளியேறினோம். மறுபடியும் அதே குரல்கள். 2012 சுசுகி கிண்ணத்தில் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 0-3 என்று தொடங்கி, மறுபடியும் எழுந்து அரையிறுதிவரை போய்த் தாய்லாந்திடம் நின்றது குழு. 2013 முடிவில் ராஜகோபாலின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அடுத்து வந்த டோல்லா சாலே காலத்தில், 2015 செப்டம்பரில் அபுதாபியில் 0-10. அவரும் விலகினார். அந்த இரவு மாமா போன் செய்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "தற்காப்பு தெரியாதவருன்னு சொன்னியே?"

சத்தியநாதனின் கதையையும் சொல்ல வேண்டும். தேசியக் குழுவிலிருந்து அனுப்பப்பட்டவர், 2010 அக்டோபரில் கிளந்தானுக்கு முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் ராஜகோபால் சுசுகி கிண்ணம். ஒரே வருடத்தின் இறுதியில் இரண்டு தமிழ்ப் பயிற்றுநர்கள் இரண்டு பெரிய கிண்ணங்கள். சத்தியநாதன் 2023இல் காலமானார். அவரைத் தூக்கி எறிந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் கிளந்தானில் குறைவு.

எங்கள் கெடாவுக்கும் இதில் பங்குண்டு. ராஜகோபாலுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்த டான் செங் ஹோ கெடாக்காரர், கெடாவுக்காக ஆடியவர். பிறகு கெடாவுக்குப் பயிற்றுநராக வந்து 2016இல் சிலாங்கூரைப் பினால்டியில் வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அந்தக் கெடா குழுவே பின்னாளில் சம்பளப் பாக்கியில் சிக்கி நின்றதைப் பார்க்கும்போது, பயிற்றுநரின் வேலை நிலைக்குமா என்ற எங்கள் பழைய வாக்குவாதம் வேடிக்கையாக இருக்கிறது.

மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு இது புதிதில்லை. 2013இல் ஃபெர்குசன் போனதும் வந்த டேவிட் மோயஸுக்கு ஒரு பருவம்கூட முழுதாகக் கொடுக்கவில்லை. அந்த ஃபெர்குசனே 1986 நவம்பரில் வந்து முதல் கிண்ணத்தைத் தொட 1990 மே வரை ஆனது. இதை மாமாவிடம் சொன்னால், "மூணரை வருஷமா? நம்ம ஊருல மூணரை ஆட்டம்" என்று சிரிப்பார்.

மாமாவுக்கு இப்போது முட்டி வலி. களத்தைக் கடைசி மகன் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் போயிருந்தபோது வரவேற்பறையில் வழக்கம்போல ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கோல் விழுந்ததும் பதினான்கு வயதுப் பேரன் சோபாவிலிருந்து எகிறி, "தாத்தா, இந்தப் பயிற்றுநர மாத்தணும்! தற்காப்பே தெரியல!" என்றான்.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினார்.

"உனக்குப் பள்ளி லீவு எப்ப?"