வற்றிய கண்மாயில் ஆகாயத்தாமரை மீள்வது எப்படி?

அமேசான் படுகையில் தோன்றி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச்செடியாக வங்காளத்துக்கு வந்த ஆகாயத்தாமரை, கோடையில் அடிமண் வெடிக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்களிலும் மழைக்குப் பின் மீண்டும் படர்வதற்கு அதன் இருவழி இனப்பெருக்கமே காரணம். நீர் நிற்கையில், தாய்ச்செடியிலிருந்து நீளும் ஓடுதண்டின் நுனியில் உருவாகும் சேய்ச்செடி, காற்றறைகள் நிறைந்து உப்பிய இலைக்காம்பின் துணையால் மிதந்து பிரிவதால், சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்த நீரில் இரண்டே வாரங்களில் அதன் பரப்பு இருமடங்காகக்கூடும். நீர் வற்றிச் செடி கருகினாலும், வண்டலில் புதைந்த விதைகள் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்ப்புடன் உறங்கி, ஈரமும் வெளிச்சமும் பட்டதும் முளைக்கின்றன. பொக்லைனால் வாரிக் கரையிலேயே குவிப்பது பாதி வேலைதான். அக்குவியலின் சத்தும் விதையும் அடுத்த மழையில் கண்மாய்க்கே திரும்பும். இச்செடியைக் கட்டுப்படுத்த 1980களில் இந்தியாவில் விடப்பட்ட தென் அமெரிக்கக் கூன்வண்டுகளோ, உயிருள்ள செடியின் வேரிலேயே கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிப்பவை என்பதால், ஆண்டுதோறும் வற்றும் கண்மாயில் நிலைத்துப் பெருகுவது கடினம்.