பாலையாவுக்கு ஆள் எங்கே?

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் நாகேஷாகத்தான் நடித்துக் காட்டுவார்கள். பாலையாவாக யாரும் நடித்துக் காட்டுவதில்லை. என் கட்சி வேறு. அந்தக் காட்சி பாலையாவுடையது. பழைய நகைச்சுவைப் படங்களை மறுபடி எடுக்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று கேட்டாலும் பாலையாவைத்தான் காட்டுவேன்.

அந்தப் படத்தை நான் பார்ப்பதற்கு முன்பே கேட்டவள். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு டிவி வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம். பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்து, அம்மாவும் நானும் அத்தையும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்போம். நாகேஷ் பேசும்போது கை ஓடும். பாலையா பயந்து மூச்சை இழுக்கும்போது நின்றுவிடும். "கை நின்னுருச்சு பாரு, பசை காயுது" என்பாள் அம்மா. சொன்னவள் கையும் நின்றுதான் இருக்கும்.

1964-இல் ஸ்ரீதர் இயக்கிய படம். நகைச்சுவையில் பெரும்பங்கு சித்ராலயா கோபுவுடையது. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' செல்லப்பாவாக வரும் நாகேஷுக்குப் படம் எடுக்க அப்பா பாலையாவின் பணம் வேண்டும். அப்பா பணக்கார எஸ்டேட்காரர். கதையைச் சொல் என்று உட்காருகிறார். மகன் பேய்க்கதையை ஆரம்பிக்கிறான், பின்னணி ஓசையையும் வாயாலேயே போடுகிறான். அறையில் பேய் இல்லை, புகை இல்லை. பாலையாவின் முகம் மட்டும் இருக்கிறது. 1936-இல் 'சதிலீலாவதி'யில் தொடங்கி, எத்தனையோ படங்களில் வில்லனாக மற்றவர்களை மிரட்டிய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் மிரள்வதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. அவர் நடுவில் ஒரு தடவை சிரித்திருந்தாலும் காட்சி செத்திருக்கும்.

இந்தப் படம் 1966-இல் இந்தியில் 'பியார் கியே ஜா' ஆனது. நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். நகைச்சுவை நடிப்புக்கென்று ஃபிலிம்ஃபேர் முதன்முதலாகக் கொடுத்த விருது இந்தப் படத்துக்காக மெஹ்மூதுக்குப் போனது. அவர் தகுதியானவர்தான். ஆனால் கதை கேட்டவரை யாரும் கூப்பிடவில்லை.

மறுபடி எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நாம் கொண்டாடும் 'தில்லு முல்லு'வே மறு ஆக்கம்தான். 1979-இல் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த 'கோல்மால்' 1981-இல் பாலசந்தர் கையில் தமிழுக்கு வந்தது. மீசையில்லாத தம்பி ஒருவன் இருக்கிறான் என்று ரஜினி அளக்கும் பொய்யை முதலாளி தேங்காய் சீனிவாசன் முழு மனதோடு நம்புகிறார். பொய் சொல்கிறவனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம், கேட்கிறவருக்குத் தன் மீசைக் கொள்கை மேல் உயிர். இரண்டும் நிஜம். இந்தியில் அதே முதலாளியாக நடித்த உத்பல் தத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கேட்கிறவருக்கு ஒருமுறையாவது மரியாதை செய்தார்களே!

2013-இல் 'தில்லு முல்லு' திரும்ப வந்தது. தேங்காய் இடத்தில் பிரகாஷ்ராஜ். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் நாயகன் சிவா, 'தமிழ்ப் படம்' கொடுத்த கிண்டல் பாணியிலேயே வருகிறார். தன் பொய்யை அவரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டிக்கொள்வானோ என்ற பதைப்பு இல்லாத இடத்தில், எதிரே இருப்பவர் எவ்வளவு நம்பினாலும் வீண்தான். 1972-இல் கோபுவே இயக்கிய 'காசேதான் கடவுளடா' 2023-இல் மறுபடி வந்தபோதும் இதே குறை. பழைய படத்தில் மெட்ராஸ் பாஷை பேசும் போலிச் சாமியார் தேங்காய் சீனிவாசன், எதிரே மனோரமா. மனோரமா சந்தேகப்பட்டால் எல்லாம் முடிந்தது. புதுப் படத்தில் யோகிபாபுவும் ஊர்வசியும் இருந்தும் அந்தப் பயம் திரையில் ஏறவில்லை.

பேய்ச் சிரிப்புப் படங்களுக்கும் வருகிறேன். 'காஞ்சனா' (2011) பற்றி எங்கள் ஊரில் வேனில் பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போய்வரும் பெண்கள் இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது பெரும்பாலும் அம்மாவாக வரும் கோவை சரளாவைப் பற்றி. மகனுக்கும் பயம், அம்மாவுக்கும் பயம். அடுத்தவர் பயத்தைக் கேட்டே இருவரும் இன்னும் பயப்படுகிறார்கள். நாகேஷும் பாலையாவும் போட்ட கணக்குதான் இது. அதற்குப் பிறகு பாகம் பாகமாக வந்த பேய்ப் படங்களில், 'அரண்மனை' நாலு பாகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கிராஃபிக்ஸ் கூடிக்கொண்டே போனது. கேட்டு மிரளும் முகத்துக்குக் கொடுத்த நேரம் குறைந்துகொண்டே வந்தது.

எங்கள் பக்கம் சிரிப்புப் படம் சின்ன விஷயமில்லை. ஊரெல்லாம் தீபாவளி கொண்டாட, சீசன் முழுக்கப் பட்டாசு மருந்து வாசத்தோடு வேலை செய்கிறவர்கள் நாங்கள். போனஸ் வாங்கி, பட்டாசு ஆபீஸ் மூடியிருக்கும் அந்தக் கொஞ்ச நாளில்தான் குடும்பத்தோடு படத்துக்குப் போக முடியும். 1990 தீபாவளிக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' வந்தது. கிரேஸி மோகன் வசனத்தில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் தப்பாகக் கேட்பதிலேயே பாதிச் சிரிப்பு பிறக்கும். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது அந்தப் படத்துக்குத்தான்.

2025-இல் 'காதலிக்க நேரமில்லை' என்ற பெயரில் ஒரு படம் வந்தது. பெயர்தான் அது, கதை வேறு. பழைய கதையையே எடுக்க நாளை யாராவது வரலாம். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நாகேஷுக்கு ஆள் தேடுவதற்கு முன்னால் பாலையாவுக்கு ஆள் தேடுங்கள். கிடைக்காவிட்டால் படத்தைத் தொடாதீர்கள்.